சங்கிலி ஜெபம்

“மொதல்லேருந்து சொல்லு.”

ஜோதிலட்சுமி வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள்.

“பரலோகத்தில் வாசம்பண்ணுகிற எங்கள் நல்ல தகப்பனே, ஆதியும் அந்தமுமான... அந்தமுமான...”

“உம், அப்பறம்?”

“மறந்துபோச்சு அத்தே.”

“எப்பிடி மறக்கும்? சீரியல்ல எவளுக்கு எவன் புருஷன்னு தலைகீழா ஒப்பிக்கிற. நாலு வரி ஜெபம் மண்டையில நிக்கலயா?”

ரெபேக்காள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு சரோஜா ஜன்னலோரம் வந்து நின்று, “பாவம் அந்தப் பொண்ணு” என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள்.

ரெபேக்காளுக்குத் தன் கவலை. சாயங்காலம் அவள் வீட்டில் சபைப் பெண்களின் ஜெபக்கூட்டம். அதிலும் சங்கிலி ஜெபம். வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி முடித்ததும் பக்கத்தில் இருப்பவள் தொடங்க வேண்டும். யாரும் நழுவ முடியாது.

முட்டுக்காட்டில் ரெபேக்காள் ஜெபம் என்றால் பேர் பெற்ற ஜெபம். வார்த்தை ஒன்றன்பின் ஒன்றாக மாலை கட்டினாற்போல் வரும். போதகரே, “கடைசி ஜெபம் ரெபேக்காளம்மா பண்ணட்டும்” என்பார். அப்படிப்பட்டவளின் மகன் சாம், போட் ஹவுஸில் போட்டு ஓட்டுகிறவன், போட்டிங் வந்த இடத்தில் பார்த்துப் பழகி, இந்த ஜோதிலட்சுமியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

கல்யாணப் பந்தியிலேயே ஹெலன், பெண்கள் சங்கத்துச் செயலாளர், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: “கழுத்துல சிலுவை போட்டா ஆச்சா? வாயத் தொறந்து ஒரு ஜெபம் பண்ணட்டும், அப்பறம் பாக்கலாம்.”

அன்று தொண்டையில் சிக்கிய முள், ரெபேக்காளுக்கு இன்னும் இறங்கவில்லை.

“நான் வேணா உள்ள டீ போட்டுகினு இருக்கட்டுமா அத்தே?”

“ஒண்ணும் வேணாம். எம் மருமவ எதுல கொறைச்சல்னு அவளுங்க பாக்கட்டும்.”

சாயங்காலம் பாய் நிறையப் பெண்கள். ஹெலன் தொடங்கினாள். அடுத்து ரூத். அப்படியே சுற்றி வந்து, கடைசிக்கு முந்தி ஜோதிலட்சுமி.

வெளியே ஈ.சி.ஆர் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“பரலோகத்தில்...”

“வாசம்பண்ணுகிற,” என்று ரெபேக்காள் உதட்டுக்குள் எடுத்துக் கொடுத்தாள்.

“வாசம்பண்ணுகிற...”

மறுபடியும் நின்றது. ஹெலன் தொண்டையைச் செருமினாள். ரெபேக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். மானம் போச்சு.

அப்போது ஜோதிலட்சுமி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி பேச்சு வந்தது.

“நைனா, கீறியா? காலங்காத்தால ஒன்னப் பேஜாரு பண்றேன்னு நெனைக்காத. நான் வேற யாராண்ட போயி சொல்லுவேன்? எம் புள்ள தண்ணி மேல தொழில் பண்றான். போட்டு கரை சேர்ற வரைக்கும் நீயும் அவங்கூட குந்திகினு வா...”

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கண்ணைத் திறந்தார்கள். ஜோதிலட்சுமியின் கண் மட்டும் இறுக மூடியிருந்தது.

“அப்பறம் எம் மருமவ. அம்மா வூட்ட வுட்டுட்டு எங்கள நம்பி வந்த பொண்ணு. என் வாயி பொல்லாத வாயி, கத்திப்புடறேன். அது மனசு நோவாம நீதான் பாத்துக்கணும். அது சிரிச்சாத்தான் நைனா இந்த வூடு வூடா கீது. ஆமென்.”

ரூத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு பாய் முழுக்கப் பரவியது.

“இன்னாடி இது?” என்றாள் ஹெலன். “வெளக்கு வெக்கிற நேரத்துல காலங்காத்தாலயா? கல்யாணமாயி ஒரு வருஷம் ஆவல, ஒனக்கு ஏது புள்ள, ஏது மருமவ? அதுவும் ஆண்டவரப் போயி நைனா கீனான்னு! யாரு ஒனக்கு இப்பிடிச் சொல்லிக் குடுத்தது?”

ஜோதிலட்சுமிக்குக் கண் தளும்பிவிட்டது.

“சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்துபோச்சுக்கா. எனக்கு நெஞ்சுல நிக்கிற ஜெபம் இது ஒண்ணுதான். நான் தூங்கறேன்னு நெனச்சிகினு, அத்தே தெனமும் காலைல அடுப்பாண்ட நின்னு சொல்லும். கேட்டுக் கேட்டு... அப்பிடியே வாயில வந்திச்சு.”

சிரிப்பு நின்றது.

எல்லாரும் ரெபேக்காளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. செத்துப்போன தன் அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். பால் பொங்குகிற வரைக்கும் அடுப்படியில் புலம்புவதை அவள் ஒருநாளும் ஜெபத்தில் சேர்த்ததே இல்லை. ஜெபம் என்றால் சபையில் பண்ணுவது என்றே நினைத்திருந்தாள்.

ஹெலன் சமாளித்துக்கொண்டாள். “சரி சரி. கடைசி ஜெபம் நீங்கதான்க்கா. ஒங்க பாணியில நல்லபடியா முடிச்சு வையுங்க.”

நாலு நாளாக ரெபேக்காள் மனசுக்குள் கோத்து வைத்திருந்த ஜெபம் ஒன்று தயாராகத்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நெருங்கி உட்கார்ந்து ஜோதிலட்சுமியின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தலையை நிமிர்த்தி ஒருதரம் எல்லாரையும் பார்த்தாள். கண்ணை மூடினாள். பக்கத்து வீட்டு சரோஜாவுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்:

“நைனா, நாலு பேரு எதுருல இன்னிக்குத்தான் ஒன்ன இப்பிடிக் கூப்புடறேன். நல்லாப் பாத்துக்க. நான் தெனம் சொல்லுவேனே, அந்த மருமவ இவதான்.”