சுற்று வழி

பள்ளிக்கூட பஸ் டிரைவர் மேல் தலைவருக்கு ஒரு மாதமாகவே சந்தேகம். தலைவர் என்றால் பெற்றோர் சங்கத் தலைவர். பெரிய பழத்தோட்டத்துக்கும் சொந்தக்காரர். ஒருவர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் பிடிக்காது.

"தார் ரோடு நேரா ஸ்கூலுக்குப் போகுது. இவன் சில நாள் மட்டும் மண்ரோட்டைச் சுத்திக்கிட்டுப் போறான். பிள்ளைங்களுக்கு முதல் பீரியடே போயிடுது."

"ரோடு மோசமா இருக்கோ என்னவோ," என்றாள் மனைவி.

"நான் அலைஞ்சு போட வச்ச ரோடுடி அது! அந்தப் பக்கம் டீசலை விக்கிறானோ, வேற என்ன சமாச்சாரமோ. இன்னிக்குக் கையும் களவுமா பிடிக்கிறேன் பாரு."

ஷூ மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த மகள், பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

தலைவர் பைக்கில் பின்தொடர்ந்தார். அவர் நினைத்தபடியே, அவருடைய தோட்டம் வருவதற்குச் சற்று முன்னால் பஸ் மண்ரோட்டில் இறங்கியது. விரட்டிப் போய்க் குறுக்கே நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் உனக்கு என்னய்யா வேலை?"

டிரைவர் இறங்கி வந்து நின்றார். "தப்புதாங்க."

"என்ன தப்பு? டீசலா?"

டிரைவர் பஸ் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துகொண்டு என்ன வேலை பார்த்திருக்கிறான் என்று தலைவருக்கு ரத்தம் கொதித்தது.

"ஸ்கூல்ல கொண்டு போய் விட்டுட்டு சாவியை ஆபீஸ்ல குடுத்துடு. நாளையிலேர்ந்து வராதே."

"சரிங்க."

"டிரைவர் மாமா மேல தப்பில்லப்பா." பஸ் படியில் மகள் நின்றிருந்தாள். "நான்தான் இப்படிப் போகச் சொன்னேன்."

"நீ உள்ள போ பாப்பா," என்று தடுத்தார் டிரைவர்.

"நம்ம தோட்டத்துல மருந்தடிக்கிற அன்னிக்கு அந்த வழியா போனா சின்னப் பிள்ளைங்க வாந்தி எடுக்குதுங்கப்பா. போன மாசம் ஒண்ணாம் வகுப்புப் பையனுக்கு மூச்சே விட முடியல. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே மூணு மணி நேரம் ஆச்சு. அதுலேர்ந்து, நீங்க போன்ல மருந்தடிக்கச் சொன்னா நான் மாமாகிட்ட சொல்லிடுவேன். இன்னிக்கு நீங்க பின்னால வர்றதையும் சொன்னேன். பரவாயில்லன்னுட்டு வண்டியைத் திருப்பிட்டாரு."

தலைவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தரையைப் பார்த்தார்.

"அது... கொஞ்சம் வாடை வரும். அவ்வளவுதான். ஒண்ணும் செய்யாதும்மா."

"அப்புறம் ஏம்ப்பா அன்னிக்கெல்லாம் நம்ம வீட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்றீங்க? எங்க பஸ் ஜன்னல்ல கண்ணாடியே இல்லப்பா."