மூன்று இருக்கைகள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நால்வர்: பசை நெடி மாறாத புது ஒட்டுப்பலகை அலமாரி, தொட்டிலில் ஒரு குழந்தை, காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டிக்குள் ஒரு கரித்துண்டு, அதன் பக்கத்தில் ஒரு மாங்கனீசுத் துகள்.

அலமாரியின் நெடி காற்றோடு வரும். கரி அதைப் பிடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். துகளுக்கு இருந்ததோ மூன்றே இருக்கைகள். நெடியை அவற்றில் அமர்த்திப் பிராணவாயு கொடுத்து, நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றி அனுப்பிவிடும்.

"என்னிடம் நாலாயிரம் பேர், தம்பி. வயிறு முட்ட நிறைந்துவிட்டேன். உன்னிடம்?" என்று கரி சீண்டியது.

"வந்தவர்கள் ஒன்பதாயிரத்து இருபது, அண்ணே. தங்கியவர் யாருமில்லை."

ஒருவராவது தங்கமாட்டாரா என்று துகள் தினமும் ஏங்கியது.

பிற்பகலில் மழை பெய்தது. காற்றில் ஈரம் ஏறியதால், நெடியிலிருந்து மாறிய மூன்று நீர்த்துளிகளால் இருக்கையைவிட்டு எழ முடியவில்லை. மழை விட்டு வெயில் வந்ததும், "கிளம்பட்டுமா?" என்று கேட்டன.

"இருங்களேன். என்ன அவசரம்?" என்றது துகள்.

அடுத்து வந்த நெடிக்கு உட்கார இடமில்லை. அது நேரே தொட்டிலுக்குப் போயிற்று. குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதது.

துகள் தொட்டிலைப் பார்த்தது. பிறகு, "கிளம்புங்கள்," என்றது.

"எங்களைப் பிடிக்கவில்லையா?"

"பிடித்ததால்தான் இவ்வளவு நேரம் ஆயிற்று."

இரண்டு துளிகள் உடனே போயின. மூன்றாவது தயங்கித் தயங்கிப் போயிற்று. அழுகை அடங்கிக் குழந்தை உறங்கியது.

"இப்போது உன்னிடம் எத்தனை பேர், தம்பி?" என்றது கரி.

துகள் நிதானமாக எண்ணிப் பார்த்தது.

"ஆள் இல்லை, அண்ணே. காலி இருக்கை மூன்று."