தகர டப்பா

“அமெரிக்காக்காரனோட ரேடார்ல சிக்காத ஸ்டெல்த் விமானத்துக்குப் பக்கத்துல வெச்சா, நாம வெளிநாட்டுல வாங்கினது வெறும் தகர டப்பா, மாமா” என்று மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் மறுபடியும் ஆரம்பித்தார்.

விமானப்படையில் பொறியாளரான மாமனாருக்குச் சுருக்கென்றது. அந்தத் தகர டப்பா பறப்பதற்கு முன் அதை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்தி அனுப்புவதுதான் அவருடைய பிழைப்பு. அதிலேயே ஊறிப்போன மனுஷர், தப்பான ஒரு பேச்சு காதில் விழுந்தால் சும்மா இருக்கமாட்டார்.

மற்றபடி ஆள் அழுத்தக்காரர். விமானத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மனைவி கேட்டால்கூட, அது ராணுவ ரகசியம் என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார்.

மாப்பிள்ளை கேட்கிற ரகமில்லை, அடித்துப் பேசுகிற ரகம். குளியலறைக்கு டைல்ஸ் விற்கிறவர். ஒரே மகள் ஞாயிறு தவறாமல் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவரும் எதையாவது உளறி, மாமனாரிடம் மூக்குடைபட்டுக்கொண்டு போவார்.

எல்லையில் எப்போது என்ன வெடிக்குமோ என்று ஊரே பயந்துகொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அமெரிக்க விமானத்தின் பூச்சு எந்த மழைக்கும் அசையாது, நம்முடையது நாலு தூறல் பட்டாலே முன்பக்கமெல்லாம் ரேடாரில் பல்லை இளித்துவிடும் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். நடுவில் ஒரு வார்த்தை மறந்துபோய்த் தன் மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முன்பக்கமா? எந்த மடையன் சொன்னான்?” பொறியாளர் கரண்டியைக் கீழே வைத்தார். “முன்பக்கம் எவ்வளவு நனைஞ்சாலும் அமெரிக்காக்காரனுக்குச் சமமா நிக்கும். ரொம்ப நேரம் நனைஞ்சா வால் பக்கம்தான் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். தெரியாத விஷயத்துல தலையக் கொடுக்காதீங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை அசடு வழியச் சிரித்தார். அவர்கள் கிளம்பிப் போனதும், வீட்டுக்கு வந்த மனுஷரை இப்படியா மட்டம் தட்டுவது, நாளைக்கு நம் பெண்தானே அனுபவிப்பாள் என்று மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். பொறியாளர் அடுத்த ஞாயிறாவது வாயைக் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லைப் பக்கம் ரோந்து போன விமானம் ஒன்று திரும்பி வரவில்லை. அதை ஓட்டிப் போனவன், ஒல்லி உடம்புக்காக எல்லோரும் ‘குருவி’ என்று கூப்பிடும் விமானி. நீங்கள் தொட்டுப் பார்த்தால் போதும் சார், பயமில்லாமல் ஏறுவேன் என்பான். பொறியாளர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

பாதுகாப்பு அதிகாரி அவரைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். விமானம் நன்றாக நனையும்வரை எதிரி காத்திருந்து, பின்னாலிருந்து வாலைப் பார்த்து அடித்திருக்கிறான் என்றார். அந்த விஷயம் தெரிந்தவர்கள் சொற்பம் பேர், அதில் நீங்களும் ஒருவர் என்றார்.

“என்கிட்ட யாரும் எதுவும் கேட்கல சார். கேட்டாலும் சொல்ற ஆள் நான் இல்ல.”

“தெரியும். கேட்டா நீங்க உஷாராயிடுவீங்க” என்றார் அதிகாரி. “அதனால கெட்டிக்காரங்க கேக்கமாட்டாங்க. தப்பா சொல்வாங்க. நீங்களே திருத்திக் கொடுத்துடுவீங்க.”

பொறியாளர் ஞாயிறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எத்தனை ஞாயிறு, எத்தனை தப்பு! ஒரு வாரம் திருத்தியதை மறுவாரம் சொல்லாமல், அதற்கு அடுத்த படியில் புதிதாக ஒரு தப்போடு வந்து நின்ற அந்த அசட்டுச் சிரிப்பு இப்போது கண்ணுக்குள் வந்து நின்றது. பேரைச் சொன்னால் மகளின் வாழ்க்கை போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த மழைக்கு இன்னொரு குருவி போய்விடுவான்.

மேசையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் பேரைச் சொன்னார்.

மதியத்துக்குள் டைல்ஸ் கடையிலேயே வைத்து மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சின்னப் பிள்ளைபோல் அழுதாராம். பொறியாளர் நேரே மகள் வீட்டுக்கு ஓடினார். வாசலில் டாக்சி ஒன்று நின்றிருந்தது. மகள் கையில் பெட்டியோடு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

கோபித்துக்கொண்டு நம் வீட்டுக்குத்தான் கிளம்பிவிட்டாள் என்று நினைத்து அவர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார்.

“உன் வாழ்க்கைய நானே கெடுத்துட்டேன்மா. எனக்கு வேற வழி தெரியல. ஒண்ணும் தெரியாதவர் மாதிரி நடிச்சே என் வாயைக் கிளறி எல்லாத்தையும் வாங்கிட்டார் அந்த மனுஷன்.”

மகள் பெட்டியை டாக்சியில் வைத்தாள். அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்துவதற்கு முன் மெதுவாகச் சொன்னாள்.

“அவர் நடிக்கலப்பா. வாராவாரம் என்ன பேசணும்னு கார்ல வரும்போது நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.”