திரும்பிக் காட்டுங்க

ஒரு மலை ஓடையில் செம்பி என்றொரு ட்ரவுட் மீன் இருந்தாள். உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. அவள் இனத்தார் வெள்ளம் வடிந்த பிறகுதான் முட்டையிடுவார்கள். முன்னால் இட்டால் அத்தனையையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, உடம்புக்கே தெரியும்.

மீன் பண்ணையிலிருந்து மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்களுக்கு அது தெரியாது, வெள்ளத்துக்கு முன்னாலேயே இட்டுவிடுவார்கள். அவர்கள் விலாவில் ரோஜா நிற வரி ஒன்று ஓடும். ஓடை முழுக்க இப்போது அவர்கள்தான்.

வெள்ளம் வடிந்ததும் செம்பி வாலால் சரளைக்கல்லைத் தள்ளிக் குழி பறித்தாள். பக்கத்தில் வந்த ஆண்களிடமெல்லாம் ஒரே பேச்சுதான்.

"கொஞ்சம் திரும்பிக் காட்டுங்க."

வரி தெரிந்தால், பிள்ளைகளுக்கும் அந்த அவசரம் வந்துவிடுமே என்று விரட்டிவிடுவாள். வயிறு கனத்துக்கொண்டே போனது. இனி யாருமே வரமாட்டார்களோ என்று கலங்கிப்போனாள்.

கடைசியில் ஒருவன் வந்தான். இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டினான். சிவப்புப் புள்ளிகள் மட்டுமே. செம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முட்டைகளை இட்டாள், அவன் அவற்றுக்கு உயிர் சேர்த்தான்.

அவள் குழியை மூடத் தொடங்கியபோது அவன் சொன்னான்: "நீங்க ரொம்பத் தாமதம். எனக்கு வெள்ளத்துக்கு முன்னாடியே முட்டைக்கு நேரமாச்சுன்னு தோணிடுச்சு."

செம்பியின் வால் நின்றது. "உங்க அப்பாவுக்கு வரி இருந்துதா?"

"இருந்துச்சு. எனக்குத்தான் வரலை. ஏன் கேக்கறீங்க?"

பாதி மூடிய குழியில் முட்டைகள் தெரிந்தன. மீதியையும் மெல்ல மூடினாள். இந்தப் பிள்ளைகளுக்கு வெள்ளத்துக்கு முன்னால் தோன்றுமோ, பின்னால் தோன்றுமோ. சரளையின் மேலேயே நின்றுகொண்டிருந்தாள்.