நரிக்கு வாங்கும் தோட்டா

“எடை கம்மியான தோட்டா இருக்கா, ரஸ்?” என்று மெர்வின் கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் நரி சுட, பண்ணைக்காரர்கள் எல்லாரும் என் கடைக்குத்தான் வருவார்கள்.

இருபது தோட்டா கொண்ட ஒரு பெட்டியை எடுத்து வைத்தேன். “இருநூறு மீட்டர் தாண்டியும் கோடு போட்ட மாதிரி போகும்.”

“அவ்வளவு தூரம் வேணாம். பத்தடி போதும்.”

“உன் மூஞ்சியப் பார்த்துட்டு எந்த நரிய்யா பத்தடில நிக்கும்?”

அவன் சிரிக்கவில்லை. “பட்டா மறுபக்கம் வெளிய வருமா?”

“வராது. உள்ளயே சிதறிடும். ஏன்?”

“பக்கத்துல நிக்கிறதுக்கு அடிபடக் கூடாது. பட்டதும் துடிக்கவும் கூடாது.”

“உன் குட்டிங்களத் தின்ன நரி மேல இத்தனை கரிசனமா?”

“இருபது பெட்டி கொடு.”

“யோவ், இந்தச் சுத்துவட்டாரத்துலயே அத்தனை நரி கிடையாது.”

மெர்வின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நரிக்கு இல்ல ரஸ். என் ஆடுங்களுக்கு. மூணு வருஷமா மழை இல்ல. டார்லிங் ஆறே வத்திப்போச்சு. தீவனம் போன வாரத்தோட தீர்ந்துச்சு. எலும்பும் தோலுமா நிக்கிறத வாங்கவும் ஆள் இல்ல.”

பெட்டிகளை அடுக்கினேன். “நானும் வரட்டுமா? நானூறு ஆட்டையும் ஒத்த ஆளா எப்படி ஓட்டிட்டு வருவ?”

“ஓட்ட வேணாம். என் வண்டிச் சத்தம் கேட்டாலே வைக்கோல்னு நெனச்சு எல்லாம் ஓடி வந்துடும்.”