அறுபத்து நாலா, பதினாறா

“மச்சான், நீங்க சொல்லுங்க. இதா, அதா?”

மாப்பிள்ளையின் கைக்கு ஒன்றாக இரண்டு பிராசசர், கம்ப்யூட்டரின் மூளை. ஒரே அளவு, பிஸ்கட் போலச் சதுரம், ஒரே வெள்ளி மினுமினுப்பு. வலது கையில் இருந்தது சர்வர் வகை. இடது கையில் இருந்தது வொர்க்ஸ்டேஷன் வகை. மேஜையில் திறந்து கிடந்த மெஷினின் போர்டில் எது வேண்டுமானாலும் உட்காரும்.

தோளிலிருந்த அட்டைப்பெட்டியை அவன் இறக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக இந்தக் கம்ப்யூட்டர் கடையில் சுமக்கிறான். எது போடலாம் என்று ஒருவரும் அவனைக் கேட்டதில்லை. எங்கே வைக்கட்டும் என்று அவன்தான் கேட்பான்.

இப்போது கேட்பது தங்கச்சி புருஷன். அதுவும் கஸ்டமர் அம்மா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது.

வேண்டுமென்றே கேட்கிறார் என்று அவனுக்குப் பட்டது.

மாப்பிள்ளையை இங்கே கூட்டி வந்ததே அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொட்டுகிற மழையில், சர்ட்டிபிகேட் ஃபைல் நனையாமல் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, “நம்ம வீட்டுப் பிள்ளைதாங்க” என்று முதலாளி முன்னால் நின்றான். முதலாளி மாப்பிள்ளைக்கு மேஜையைக் கொடுத்தார். சுழல் நாற்காலியைக் கொடுத்தார். உடம்பு மின்சாரம் பாகங்களைத் தாக்காமலிருக்க மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து மேஜைக்கு ஓடும் ஒயர். அந்தப் பட்டையைப் பார்த்தாலே அவனுக்கு வயிறு எரியும். டீ மாப்பிள்ளையைத் தேடி மேஜைக்கு வரும். அவன் தேடிப் போய் நின்றுகொண்டு குடிக்க வேண்டும்.

உங்க தங்கச்சி குடுத்து வச்சவ என்று வீட்டில் பெண்டாட்டி பெருமூச்சு விடுவது தனிக் கதை.

கஸ்டமர் அம்மா வீடு கட்டுகிறவர்களுக்குப் படம் வரைந்து கொடுப்பவர். ஒரே கட்டடத்தைத் திரையில் நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பினால் உடனே திரும்ப வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

பதில் அவனுக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

எழுத்து என்பது அவனுக்கு நாற்பதைத் தாண்டித்தான் வந்தது, பெட்டி மேல் ஒட்டிய லேபிளைப் பார்த்துப் பார்த்து. ஆனால் இது எழுத்தில் படித்ததல்ல, சுமையில் படித்தது. சர்வர் வகைக்குள் அறுபத்து நாலு கோர், அவன் கணக்கில் அறுபத்து நாலு ஆள். எல்லாருக்கும் நிதான நடை, நாள் கணக்கில் களைப்பு கிடையாது. லாரி லாரியாகச் சரக்கு இறக்க அவர்கள்தான் சரி. வொர்க்ஸ்டேஷனில் பதினாறே பேர், ஆனால் ஓடுகிறவர்கள். இந்த அம்மாவின் வேலையோ குறுகலான மாடிப்படி. ஒரு நேரத்தில் ஒருவன்தான் ஏறலாம். மிச்சம் அறுபத்து மூணு பேர் கீழே வாய் பார்த்து நிற்பார்கள். ஏறுகிற அந்த ஒருவன் ஓடுகிறவனாக இருக்க வேண்டும்.

போன வருஷம் இதே மாதிரி படம் வரைகிற ஓர் ஆபீசில் சர்வர் வகை போட்ட மெஷினை இறக்கிவிட்டு, கையெழுத்துக்காக நின்றபோது கண்ணாலேயே பார்த்தான். அங்கிருந்தவர் மௌசை நகர்த்தினார். கட்டடம் யோசித்துவிட்டுத் திரும்பியது. மறுவாரம் அதை அவன்தான் திரும்பச் சுமந்து வந்தான்.

இடது கையில் இருப்பது என்று நாக்கு நுனி வரை வந்தது.

சொன்னால் என்ன ஆகும்? மாப்பிள்ளை அதையே மாட்டி, நல்ல பேரையும் அவரே வாங்கிக்கொள்வார்.

மாற்றிச் சொன்னால்? ஒரே வாரம். இந்த அம்மா திரும்பி வந்து மேஜை முன்னால் சத்தம் போடுவார். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி மாப்பிள்ளை திட்டு வாங்குவார்.

அவன் பெட்டியை இறக்கி, துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

“சர்வருதான் மாப்ள. அறுபத்து நாலு இருக்குல்ல. நல்லா சுமக்கும்.”

மாப்பிள்ளை ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு இடது கையில் இருந்ததை அதன் டப்பாவில் வைத்து மூடினார். வலது கையில் இருந்ததைப் போர்டில் இறக்கிக் கொக்கியை அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. மற்றதெல்லாம் கடகடவென்று ஏறியது.

அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “நீங்கதான படிச்சவரு? அவரைக் கேட்டு மாட்டுறீங்க?”

“எனக்கு மத்ததுதான் சரின்னு பட்டுச்சும்மா,” என்றார் மாப்பிள்ளை. “ஆனா எது எங்க போகுது, எது திரும்பி வருதுன்னு பன்னெண்டு வருஷமா பாத்தவரு எங்க மச்சான். நான் இந்த மாசத்தோட வேற ஊருக்குப் போறேன், வீட்லகூட இன்னும் சொல்லல. இந்த மேஜைக்கு மச்சானே போதும்னு முதலாளிகிட்ட ஒரு வாரமா மல்லுக்கட்டினேன். சரி, ஒரு மெஷின் அவரு சொல்றபடி போடு, நல்லா ஓடினா பாப்போம்னாரு.”

மறுபடி துடைக்கப் போன துண்டு அவன் கழுத்திலேயே நின்றது.

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றால் மேஜை போகும். தெரிந்தேதான் சொன்னேன் என்றால் மாப்பிள்ளை முகத்தில் விழிக்க முடியாது.

“என்ன மச்சான், மெஷினை மூடிடலாமா?”

“மூடுங்க மாப்ள.”

மூடிக்கு நாலு ஸ்க்ரூ. மாப்பிள்ளை மூன்றை ஒவ்வொன்றாக எடுத்து, அவசரமே இல்லாமல் முடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

நாலாவதை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, முடுக்காமல் நின்றார்.