சுவரைப் பார்க்கும் குரங்கு

நான் உள்ளே நுழைந்ததும் மகள் கையை நீட்டி, கட்டிலோரம் இருந்த குரங்கு பொம்மையின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

நேற்றும் இப்படித்தான். அதற்கு முந்தின நாளும்.

"அம்மா வந்தாச்சா! வீட்டுக்குப் போனதும் எனக்கு சைக்கிள் கத்துத் தரணும். பின்னால பிடிச்சுக்கிட்டே ஓடி வரணும், விடக் கூடாது," என்றாள். மூக்கில் குழாய் செருகியிருந்தும் வாய்க்குக் குறைச்சல் இல்லை.

"வராம? மூச்சு வாங்க வாங்க ஓடி வர்றேன்டி," என்றேன்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கேள்வி டாக்டர் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்தினாள்.

நான் துணிக்கடை வாசலில் நிற்கிறவள். வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது என் வேலை. யார் எதை ஒளித்துக்கொண்டு போகிறார்கள் என்பது நடையிலேயே தெரிந்துவிடும். அந்த நாற்காலி நகர்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி டாக்டர் என்பது நர்சுகள் வைத்த பெயர். ஊசி போட மாட்டாள், மருந்து எழுத மாட்டாள். பிழைக்க வழியில்லாத பிள்ளைகளிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, கடைசி நாட்களில் அவர்களுக்கே என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஆராய்ச்சி செய்கிறாளாம். இதெல்லாம் ஒரு படிப்பா என்று எரிச்சலாக வந்தது. "பிள்ளைக்குப் பேச்சுத் துணையா இருக்கும், விடேன். உனக்கு யாரைப் பார்த்தாலும் பையில எதையோ ஒளிச்சுட்டுப் போற மாதிரியே தெரியும்," என்று என் கணவர்தான் சம்மதிக்க வைத்தார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். இனி எந்த மருந்தும் வேலை செய்யாது என்று பெரிய டாக்டர் எங்களிடம் சொன்னது பிள்ளையின் காதுக்குப் போகக் கூடாது. அவள் அப்பா, சித்தி, நர்சுகள், தரை துடைக்க வருகிற அண்ணன் வரைக்கும் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். யாராவது வாயைத் திறந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். இருக்கிற நாள் வரைக்கும் அவள் பயப்படாமல் இருக்கட்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எல்லாரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். இந்தப் பெண் வந்தாள், கூடவே இந்தக் குரங்கும் வந்தது.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது குரங்கு அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கதவைத் தள்ளினால் போதும், குரங்கு சுவரைப் பார்க்கும், பேச்சு நிற்கும், என் மகள் சைக்கிளை ஆரம்பித்துவிடுவாள்.

குரங்குக்குள் ரெக்கார்டர் இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன். அவள் தூங்கும்போது அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். வெறும் பஞ்சுதான்.

இன்றைக்கு விடுவதாக இல்லை. கேள்வி டாக்டர் பின்னாலேயே போய் வராந்தாவில் மறித்தேன்.

"என் பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் எதையும் சொல்லலைங்க. அவ பேசுறா, நான் கேட்டுக்கறேன்."

"கதை விடாதீங்க. நான் வந்தா அந்தக் குரங்கு எதுக்குத் திரும்புது? அம்மாவைச் சேத்துக்காதேன்னு சொல்லிக் கொடுத்தீங்களா?"

திருதிருவென்று விழிப்பாள் என்று எதிர்பார்த்தேன். விழிக்கவில்லை.

"முதல் நாளே உங்ககிட்ட சொன்னேனே. எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரு பொம்மை கொடுப்பேன். சாவைப் பத்திப் பேச வேண்டாம்னு தோணினா வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, பொம்மையைத் திருப்பி வெச்சாப் போதும். நான் நிறுத்திடுவேன். அவங்களா மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாத்தான் பேசுவோம்."

சொல்லியிருப்பாள். பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்த அதே வாரம் அது. அப்போது யார் சொன்னதும் என் காதில் ஏறவில்லை.

"சரி, பேச வேண்டாம்னா திருப்பணும். அப்போ நான் வரும்போது..."



நான் வருவதற்கு முன்னால் அந்தக் குரங்கு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

"எப்போலேர்ந்து அவளுக்குத் தெரியும்..."

"அதை நீங்க அவகிட்டதான் கேக்கணும்," என்றாள்.

அடி என் தங்கமே. நான் உனக்குக் காவல் இருக்கிறேன் என்றல்லவா நினைத்தேன். அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. அவள் தனியாக இருப்பாளே என்று உள்ளே போனேன்.

"என்னம்மா, கேள்வி டாக்டர்கூட சண்டையா?" என்று சிரித்தாள். "சைக்கிள் சிவப்புல வேணும். ஊதா வேண்டாம்."

கட்டிலோரம் போய்க் குரங்கைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பினேன். அது சாய்ந்து விழுந்தது. நிமிர்த்தி வைத்தேன்.

மகளின் சிரிப்பு நின்றது. குரங்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீ அழுவியா?"

"அழுவேன்டி."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு குழாய் இழுபடாமல் மெல்ல நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

"சரி, கொஞ்சமா அழு," என்றாள். "அப்புறம் நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."